மழைக்கணக்கும் சதுர அடைப்புக்குறியும்

ஜூலை 24, 2025, வியாழன். அஸ்தம்பட்டி, சேலம்

ஏற்காட்டுக்கு அப்பாலுள்ள காப்பித் தோட்டம் ஒன்றின் மழைக்கணக்கை இந்த மே மாதம் முதல் நான் கவனித்து வருகிறேன். கணக்குப்பிள்ளை காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து, அளவை ஒரு கோப்பில் எழுதி அனுப்புவார். என் லினக்ஸ் கணினியில் ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல்) அதைப் படித்து மாதக் கணக்கில் சேர்க்கும். இன்று கோப்பு வந்திருந்தது, ஆனால் கணக்கில் எதுவும் ஏறவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, “காலையிலேயே அனுப்பிட்டேனுங்க தம்பி, நடுவுல சிக்னல் போயிருச்சு” என்றார். கோப்பின் அளவைப் பார்த்தேன்: 0 பைட்.

என் ஸ்கிரிப்ட் ‘-எஃப்’ (-f) சோதனையை மட்டுமே செய்தது. அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்று இருக்கிறதா என்பதற்கு மட்டுமே அது விடை சொல்லும். உள்ளே ஏதேனும் எழுதியிருக்கிறதா என்பதை அறிய ‘-எஸ்’ (-s) வேண்டும். ‘-எஸ்’ மட்டும் போதுமென்று எண்ணிவிடக் கூடாது, கோப்பகத்துக்கும் அது பெரும்பாலும் ஆம் என்றே சொல்லிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்து வைத்தேன்.

ஜூலை 26, சனி

இன்று கோப்பே வரவில்லை. ஆயினும் வந்துவிட்டதாக ஸ்கிரிப்ட் குறித்திருந்தது. இதன் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பிற்பகல் முழுவதும் ஆயிற்று. ஸ்கிரிப்டில் இந்தச் சோதனைகளை எழுதப் பயன்படும் சதுர அடைப்புக்குறி வெறும் நிறுத்தற்குறி அன்று, சோதனை செய்யும் ‘டெஸ்ட்’ (test) கட்டளையின் இன்னொரு பெயர். அதனால்தான் அதன் இருபுறமும் இடைவெளி கட்டாயமாகிறது. கோப்பின் பெயரை வைத்திருந்த மாறியை (மதிப்பைத் தாங்கும் பெயரை) மேற்கோள்குறி இல்லாமல் எழுதியிருந்தேன். மாறி வெறுமையாக இருந்தபோது அது சுவடின்றி மறைந்துபோக, கட்டளையின் கையில் ‘-எஃப்’ என்ற சொல் ஒன்றே மிஞ்சியது. ஒரே ஒரு சொல் கிடைத்தால், அது வெறுமையாக இல்லாதவரை ‘ஆம்’ என்று சொல்வதே அந்தக் கட்டளையின் விதி.

மேற்கோள்குறி இட்டதும் சரியாகிவிட்டது. ‘மேல் தோட்டம்’ என்று இடைவெளியோடு பெயரிட்ட கோப்பு இரண்டு சொற்களாகப் பிளந்து பிழைச்செய்தி தந்துகொண்டிருந்ததும் அதனுடனேயே தீர்ந்தது.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைக் கனமழை என்று வகைப்படுத்துகிறது. அந்த எல்லையை எட்டும் நாளில் எனக்கு அறிவிப்பு வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். சேர்வராயன் மலையில் பொழிந்த தண்ணீர் கீழே இறங்கி வருவதற்குள் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

71.2 என்ற மதிப்பை நானே இட்டு, பெரிதா அல்லது சமமா என்று பார்க்கும் ‘-ஜிஇ’ (-ge) கொண்டு 64.5 உடன் ஒப்பிட்டேன். முழு எண் வேண்டும் என்ற பிழைச்செய்தி வந்தது. கனமழை இல்லை என்ற பக்கத்துக்கே ஸ்கிரிப்ட் போனது. அந்தக் கட்டளை உண்மைக்கு 0, பொய்க்கு 1, பிழை நேர்ந்தால் 1-க்கு மேற்பட்ட எண் என்று மூன்று விதமாக விடை தருகிறது. ஆனால் அந்த விடையைப் பார்த்துக் கிளை பிரிக்கும் ‘இஃப்’ (if) 0 அல்லாத எல்லாவற்றையும் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்கிறது. எனக்கு இது மிகுந்த கவலையைத் தந்தது. ஒப்பிடவே முடியாமல் போனதையும், ஒப்பிட்டுப் பார்த்து இல்லை என்று கண்டதையும் ஒரே விடையாகக் கொண்டால், கனமழை கொட்டும் நாளிலும் அறிவிப்பு வராமல் போகும்.

பிறகு ‘>’ குறியைப் போட்டுப் பார்த்தேன். 3 மி.மீ. என்று கொடுத்தாலும் கனமழை என்றது, கோப்பகத்தில் ‘64.5’ என்ற பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றும் முளைத்திருந்தது. ஒற்றை அடைப்புக்குறிக்குள் அந்தக் குறி வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடும் குறியாகவே செயல்படுகிறது. பேஷ் (bash) என்ற ஷெல்லின் இரட்டை அடைப்புக்குறிக்குள் அது ஒப்பிடத்தான் செய்கிறது, ஆனால் அகராதி வரிசைப்படி: ‘1’ என்ற எழுத்து ‘6’-க்கு முன்னால் வருவதால் 115.6 சிறியதாகவும் 64.5 பெரியதாகவும் ஆகிவிடுகின்றன. இறுதியில் தசம எண்களை ஒப்பிடும் வேலையை ‘ஆக்’ (awk) என்ற நிரலிடம் ஒப்படைத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மே, ஜூன், ஜூலை மூன்று மாதங்களும் தடங்கலின்றி நடந்த மாத ஒப்பீடு இன்று காலை முறிந்தது. ‘07’ வரை ஏற்றுக்கொண்ட இரட்டை அடைப்புக்குறி ‘08’-ஐ ஏற்க மறுக்கிறது. அங்கே சமமா என்று பார்க்கும் ‘-ஈக்யூ’வின் (-eq) இருபுறமும் கணிதக் கோவைகளாக மதிப்பிடப்படுகின்றன, முன்னால் பூஜ்யம் நின்றால் எண்ணடி முறை (0 முதல் 7 வரையான இலக்கங்களே கொண்ட முறை) எண் என்று பொருள், எண்ணடி முறையில் 8 என்ற இலக்கமே கிடையாது. ஒற்றை அடைப்புக்குறியோ அதே ‘08’-ஐப் பத்தடி முறையில் எட்டு என்றே படிக்கிறது. மாதத்தின் முன்னால், பத்தடி முறையில் படி என்று சொல்லும் ‘10#’ சேர்த்தபின் ஓடியது. எழுத்தாக ஒப்பிடும் ‘=’ குறிக்கு ‘08’-உம் ‘8’-உம் வெவ்வேறு என்பதையும் உடனிருந்த குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வீட்டார் மேட்டூருக்குப் புறப்படுமுன் ஒரு மணி நேரம் கிடைத்தது. எண்களை ஒப்பிடும் ஒவ்வோர் இடத்திலும் விடை எண்ணைத் தனியாக வாங்கி, 0, 1, அதற்கு மேற்பட்டது என மூன்று கிளைகளாகப் பிரித்தேன். மூன்றாவது கிளைக்குப் போனால் ‘அளவைப் படிக்க இயலவில்லை’ என்ற செய்தி எனக்கு வரும். சோதிப்பதற்காகக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி, எண்ணுக்குப் பதிலாக ‘மழை இல்லை’ என்று எழுதிய கோப்பு ஒன்றை அனுப்பச் செய்தேன். 9.10 மணிக்கு அந்தச் செய்தி வந்தது.