என்செனாடா பையன்

அரிச்சல்முனையிலிருந்து திரும்பும்போது கச்சான் காற்று முகத்தில் அடித்தது. சைக்கிளை மிதிக்கிறேனா, தள்ளுகிறேனா என்றே தெரியவில்லை. அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது மெக்சிகோவின் சைக்கிள் பந்தய வீரன் ஐசக் டெல் டோரோ. அவனும் நம்மைப்போல கடலோரத்தான், ஊர் என்செனாடா.

2025-இல், இத்தாலியைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தில், 21 வயதில், முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையோடு முன்னிலையில் இருந்தான். கடைசிக்கு முந்தைய நாள், பினெஸ்ட்ரே மலையில் இவனும் ஈக்வடார் வீரர் கரபாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்காத குறை. இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். வலைக்குள் வந்த சீலா நழுவின மாதிரி!

பெல்ஜியத்தின் பழைய ஜாம்பவான் மெர்க்ஸ் 22 வயதில் ஜிரோவை வென்றார். ஸ்லோவேனியாவின் போகாச்சர் 21-லேயே பிரான்ஸின் பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸை. சரி, அந்த வரிசைக்கு இவன் போவானா? கால் இருக்கிறது, கடைசி வேகமும் இருக்கிறது. ஆனால் போகாச்சர் இருக்கும் அணியிலேயே இருந்தால் டூரில் அவருக்கு உழைக்கத்தான் நேரம் இருக்கும். அணி மாறட்டும், பார்ப்போம்.