ஓடியது டிரம்ஸ் அல்ல

கடந்த சனிக்கிழமை ஒத்திகையில், எங்கள் பட்டியலின் மூன்றாவது பாட்டு நிமிடத்துக்கு 104 பீட் என்ற டெம்போவில் தொடங்கி 105இல் முடிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது. ஆனால் இதே பாட்டு நான்கு மாதங்களுக்கு முன்பு 104இல் தொடங்கி 113இல் போய் நின்றது என்பதும், கடைசிப் பல்லவியில் பாடகி சொற்களை விழுங்கிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார் என்பதும் தெரிந்தால், நான் எழுத உட்கார்ந்ததன் நியாயம் புரியும்.

நாங்கள் ஐந்து பேர். டிரம்ஸ் வாசிப்பவர் பல் மருத்துவர், கீபோர்டு வாசிப்பவர் மென்பொருள் எழுதுகிறவர், கிட்டார் வாசிப்பவர் வங்கியில் இருப்பவர், பாடகி பள்ளி ஆசிரியை. நான் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வாரத்துக்கு ஒரு மாலை, மூன்று மணி நேரம், அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைப்பது. அதில் முதல் அரை மணி நேரம் கேபிள் இழுப்பதிலும், கடைசி அரை மணி நேரம் யார் டெம்போவை முந்தி ஓடினார்கள் என்ற விசாரணையிலும் போய்க்கொண்டிருந்தது.

டெம்போ ஏறினால் பழி டிரம்ஸ்காரர் தலையில்தான் விழும் என்பது எல்லாக் குழுக்களிலும் எழுதப்படாத சட்டம். எங்கள் குழுவிலும் அதுதான் நடந்தது. கைபேசியில் பதிவு செய்த ஒத்திகைகளை வீட்டில் போட்டுக் கேட்டு, எட்டு பாருக்கு (இந்தப் பாட்டில் பார் என்பது நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று) ஒரு முறை டெம்போவைக் கணக்கிட்டுப் பார்த்தபோது அந்தப் பழி உறுதியானதாகவே எனக்குப் பட்டது. ஏனென்றால் வேகம் சரிவுப் பாதையைப் போல மெல்ல மெல்ல ஏறவில்லை. படிக்கட்டைப் போல, குறிப்பிட்ட ஐந்து இடங்களில் மட்டும் ஏறியது. அந்த ஐந்து இடங்களும் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போது டிரம்ஸ்காரர் அடிகளை அடுக்கி உருட்டி ரோல் போடுகிற இடங்கள். ஒரு தணிக்கையாளனுக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு, அந்த அட்டவணையை அச்செடுத்து ஒத்திகைக்கே கொண்டுபோனேன். அவர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ரோலில் நான் ஓடவில்லை சார், ரோல் முடிந்த பிறகு என்னை யாரோ இழுக்கிறார்கள்" என்றார். அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த இரண்டு மாதங்களைக் கிளிக்கோடு, அதாவது டெம்போவைக் காட்டும் சீரான டக்-டக் ஒலியோடு, மல்லுக்கட்டுவதில் வீணாக்கினோம். முதல் வாரம் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கீபோர்டிலிருந்து கிளிக்கை அனுப்பி, டிரம்ஸ்காரர் தம்மிடம் இருந்த ப்ளூடூத் காதொலிப்பானில் கேட்டு வாசித்தார். கீபோர்டுக்காரர் கம்பி இணைப்பில் கேட்டார். இருவரும் அவரவர் கேட்ட கிளிக்கோடு துல்லியமாகத்தான் வாசித்தார்கள். ஆனால் ப்ளூடூத்தில் ஒலி 100 முதல் 200 மில்லிவினாடி வரை தாமதமாக வருவது சாதாரணம். 104 டெம்போவில் ஒரு பீட்டின் நான்கில் ஒரு பங்கு என்பதே 144 மில்லிவினாடிதான். ஆக, இருவருக்கும் நடுவே ஏறக்குறைய கால் பீட் இடைவெளி விழுந்தது. இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க, மென்பொருள் எழுதுகிற ஒருவர் உட்பட ஐந்து பேருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கம்பி இணைப்புக்கு மாறிய பிறகு டெம்போ நிலையாக நின்றது என்றாலும், கிளிக்கை நிறுத்திய அடுத்த நிமிடமே பழைய படிக்கட்டு திரும்பி வந்துவிட்டது. ஊன்றுகோலோடு நடந்தோமே தவிர, கால் பலப்படவில்லை.

அதன் பிறகுதான் ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்வது என்று முடிவெடுத்தேன். கருவிகளின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும், நான்கு உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸில், காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் டிரம்முக்குள் வைத்த மைக், நேரடியாக வரும் பேஸ், கிட்டார் ஆம்ப் முன் ஒரு மைக், கீபோர்டு என நான்கையும் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தோம். பாடகியை இந்த விசாரணையிலிருந்து விடுவித்துவிட்டோம். இனி அலைவடிவத்தைப் பெரிதாக்கி, யார் முன்னால் விழுகிறார்கள், யார் பின்னால் விழுகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று எண்ணினேன்.

அவ்வளவு எளிதாக இல்லை. கிக் டிரம்மில் பெடலோடு இணைந்த சுத்தியல் (பீட்டர்) தோலில் படும் கணம் அலைவடிவத்தில் ஊசிபோலத் தெரிகிறது. அதில் ஐயமே எழாது. பேஸ் அப்படியில்லை. அதன் தடித்த ஈ தந்தியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். அதாவது ஓர் அலை முழுதாக எழுந்து அடங்குவதற்கே 24 மில்லிவினாடி ஆகிறது. நான் தேடிக்கொண்டிருந்ததோ 10, 20 மில்லிவினாடி வேறுபாடுகளை. சுரம் எங்கே தொடங்குகிறது என்று ஒரே இடத்தை மூன்று முறை குறித்தால் மூன்று விடை வந்தது. மலை எங்கே தொடங்குகிறது என்று அடிவாரத்தில் கோடு போடுவதைப் போன்ற வேலை அது. இரண்டு இரவுகள் இதில் போயின. கடைசியில், பேஸ் தடத்தை இன்னொரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வடிகட்டிப் பார்த்தேன். சுரம் மறைந்துபோய், விரல் தந்தியை விட்டு விலகும் "டக்" என்ற ஓசை மட்டும், கிக் டிரம்மின் ஊசிக்கு இணையான ஊசியாக எஞ்சி நின்றது. இதே ஆராய்ச்சியில் இறங்க நினைப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

நெடுநாளாகவே, தட்டையான கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்திகளுக்கு மாற வேண்டும் என்று ஆசை. அந்த மழுங்கலான ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவற்றில் இந்த விரலோசை குறைந்துவிடும் என்பதால், அளவெடுக்கும் வேலை முடியும் வரை உருண்டைக் கம்பி சுற்றிய பழைய ரவுண்ட்வவுண்ட் தந்திகளையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்கிவைத்த பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.

ஊசிகள் கிடைத்ததும் உண்மை வெளிப்பட்டது. ஐந்து ரோல்களிலும் டிரம்ஸ்காரரின் அடிகள் கால் பீட்டுக்குக் கால் பீட், 10 மில்லிவினாடிக்குள் ஒழுங்காக விழுந்திருந்தன. ரோல் முடிந்து வரும் முதல் பீட்டில் கிக் சரியான இடத்தில் இருந்தது. என் பேஸ் மட்டும் அதற்கு 35 முதல் 45 மில்லிவினாடி வரை முன்னால் இருந்தது. கிட்டாரும் கீபோர்டும் எனக்கும் அவருக்கும் நடுவில் எங்கோ விழுந்திருந்தன. அடுத்த இரண்டு பார்களுக்குள் டிரம்ஸ்காரர் விட்டுக்கொடுத்து என்னோடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்.

நான் கணக்குப் பார்க்கிறவன் என்பதால் இதையும் கணக்கிட்டேன். 104 டெம்போவில் நான்கு பீட் கொண்ட ஒரு பாரின் நீளம் 2,308 மில்லிவினாடி. அதில் 40ஐக் கழித்து, சுருங்கிய அந்த அளவையே குழு தன் புதிய அளவாக எடுத்துக்கொண்டால் டெம்போ ஏறக்குறைய 106 ஆகிறது. ஐந்து ரோல்களிலும் இப்படி 40, 40 ஆகக் கழித்துக்கொண்டே போனால் 114ஐ நெருங்குகிறது. நாங்கள் அளந்தது 113. பேரேடு இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போய் நான் வருத்தப்பட்டது இதுவே முதல் முறை.

அடுத்த சனிக்கிழமை டிரம்ஸ்காரரிடம் திரையைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பழைய அட்டவணையின் அச்சுப் பிரதியைத் தம் மருத்துவமனைச் சுவரில் ஒட்டப்போவதாகச் சொன்னார்.

நான் ஏன் முந்துகிறேன் என்பது அந்த ஊசிகளைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ரோல் போகும் அந்தப் பாரில் எனக்கு வேலை இல்லை. ஒரே சுரத்தை நான்கு பீட் கார்வையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது என் காலப்பிரமாணம் ஒழுங்காக இருக்கிறது. சும்மா நிற்கும்போதுதான், அதுவும் காதருகே அத்தனை அடிகள் பொழியும்போதுதான், மனம் பரபரத்து அடுத்த சுரத்தில் போய்க் குதிக்கிறது. நெருக்கமாக வாசிப்பதைவிடக் காத்திருப்பது கடினம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்; அது மற்றவர்களுக்கான அறிவுரை என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

வீட்டுப் பயிற்சிக்கு, கிளிக் ஒலி தரும் கருவியான மெட்ரோனோமை 104இல் வைப்பதை அடியோடு நிறுத்தினேன். முதலில் 52இல் வைத்து அந்த ஒலியை இரண்டாவது, நான்காவது பீட்டுகளாக எண்ணி வாசித்தேன். ஒரு வாரத்தில் 26க்கு இறங்கி, பாருக்கு ஒரே ஒலி என்று ஆக்கினேன். மெல்ட்சல் என்பவர் 1815இல் காப்புரிமை பெற்ற ஊசல் வகை மெட்ரோனோமில் வழக்கமான அளவு 40இலிருந்து 208 வரைதான் என்பதால், என்னிடம் உள்ள அழகான மரப்பெட்டி இதற்கு உதவவில்லை. கைபேசிச் செயலியில்தான் 26 கிடைத்தது. முதல் நாள் கார்வைப் பாரில் நான் இறங்கிய பிறகு ஒலி வந்த விதத்தைப் பார்த்து, செயலியில்தான் கோளாறு என்று நம்பி இன்னொரு செயலியைப் பதிவிறக்கினேன். அதுவும் அதே நேரத்துக்குத்தான் ஒலித்தது.

கார்வையின் உள்ளே எதையாவது ஓடவிட வேண்டும் என்பது மட்டும் தெளிவாயிற்று. வலது கை விரல்களால், தந்திகளுக்குக் கீழே அதிர்வை வாங்கும் பிக்கப் மேல் மெல்லத் தட்டிப் பார்த்தேன். டெம்போ நின்றது, ஆனால் பதிவில் ஒவ்வொரு தட்டும் "டொக், டொக்" என்று விழுந்திருந்தது. பாதத்தால் தட்டினால் உடம்பே ஆடி இடது கையின் பிடி தளர்ந்தது. இறுதியில் குதிகாலை மட்டும் ஊன்றி எடுப்பது என்றும், மனத்துக்குள் பீட்டுக்கு ஒரு "தகதிமி" சொல்லிக்கொள்வது என்றும் அமைந்தது. நான்காவது தகதிமியின் "மி"யை முழுமையாக உச்சரித்து முடிக்கும் வரை விரல் அசையக் கூடாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை. மூன்று வாரங்களில் 40 மில்லிவினாடி 10க்குள் வந்துவிட்டது. சில இடங்களில் நான் கிக்குக்குப் பின்னால்கூட விழுந்திருக்கிறேன். அவற்றை நண்பர்களுக்கு இரண்டு முறை பெரிதாக்கிக் காட்டினேன்.

நிற்கும் இடத்தையும் மாற்றிப் பார்த்தோம். முன்பு டிரம்ஸிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்றேன். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது என்பதால், அவருடைய அடி என் காதுக்கு வர 15 மில்லிவினாடி ஆகும். இப்போது ஹைஹேட் என்ற ஜோடிச் சிம்பலின் பக்கம் இரண்டு மீட்டரில் நிற்கிறேன், 6 மில்லிவினாடி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வாளர் கிறிஸ் சாஃப் குழுவினர் இருவர் இருவராகத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, இடையே தாமதத்தைக் கூட்டிக் குறைத்துக் கை தட்டவைத்தபோது, தாமதம் 11 மில்லிவினாடி அளவைத் தாண்டினால் வேகம் குறைந்தது. அதைவிடக் குறைவாக இருந்தால் வேகம் சற்றே கூடியது. அப்படியானால் நான் நெருங்கி நிற்பது வேகத்தைக் கூட்டத்தானே வேண்டும்? இருந்தும் அருகில் நின்றால் அவருடைய கால் பெடலை அழுத்துவது கண்ணுக்குத் தெரிகிறது. கண் கொடுக்கும் உதவிக்காக இங்கேயே நின்றுவிட்டேன். அதற்கான விலையாக என் இடது காது சிம்பல் ஓசையைத் தாங்க வேண்டியிருப்பதால், இசைக்காரர்களுக்கென்றே செய்யப்படும் காதடைப்பான்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பஞ்சுபோன்ற சாதாரண வகை கூர்மையான ஓசைகளை மட்டும் மிகுதியாக வெட்டிவிட்டு எல்லாவற்றையும் கம்பளிக்குள் இருந்து கேட்பதுபோல் ஆக்கிவிடுகிறது. எட்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ் வாங்கி ஸ்னேர் டிரம்முக்கும் ஹைஹேட்டுக்கும் தனித் தடம் கொடுக்க வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. பேச்சைக் கிளப்பியவர் விசாரணையிலிருந்து விடுவிக்கப்பட்ட பாடகி.

மூன்றாவது பாட்டு முழுமையாகச் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. இரண்டாவது இடையிசைக்குப் பின் இன்னமும் நிமிடத்துக்கு அரை பீட் ஏறுகிறது. அதை முடிக்காமலேயே ஆறாவது பாட்டின் மேல் கை வைத்துவிட்டோம். அது ஆறெட்டுத் தாளம். 72இல் தொடங்கி 80க்கு ஓடுகிறது. அதில் ஏற்றம் படிக்கட்டாக இல்லை, சரிவாக இருக்கிறது. ரோல் ஒன்றே ஒன்றுதான், கார்வை கிடையாது. சரணம் முழுவதும் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே கருவி கிட்டார். மாதக் கடைசி என்பதால் கிட்டார்காரருக்கு இந்தச் சனிக்கிழமை வங்கியை விட்டு வர முடியாது. அவர் இல்லாமல் அதே பாட்டை மூன்று முறை பதிவு செய்து பார்ப்பதாக இருக்கிறோம். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.