மவுஸிலிருந்து கையை எடுத்தேன்

நான் வாங்கிய பங்கின் விலை என் ஸ்டாப் லாஸை, அதாவது நஷ்டம் பெருகாமல் தானாக விற்றுவிட முன்பே குறித்து வைத்த விலையை, நெருங்கியது. அதை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட, கை தானாகவே மவுஸுக்குப் போனது.

உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. அதைக் கவனித்ததால்தான் கையை எடுத்தேன்.

ஆர்டர் நிறைவேறியது. சின்ன நஷ்டம். பத்தே நிமிடத்தில் விலை திரும்பி மேலே ஏறியது. வயிறு எரிந்தது.

லாபத்தின் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பின் வலி பெரியது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். அந்த வலியைத் தள்ளிப்போடத்தான் ஸ்டாப்பை நகர்த்துகிறோம். ஆனால் 10% போனால் மீள சுமார் 11% போதும். 50% போனால் 100% வேண்டும்.

விட்டதைப் பிடிக்க உடனே இன்னொரு டிரேடு போடத் துடித்தது மனசு. திரையை அணைத்தேன். அப்புறம் நோட்டில் எழுதினேன்: 'விதிப்படி வெளியேறினேன்.'

லாப நாட்களில்கூட இவ்வளவு அழுத்தி எழுதியதில்லை.