மழையில் நடந்த கச்சேரி

எங்கள் வீட்டில் பி.பி. தொந்தரவு இருக்கிறது என்று என் மனைவி சொன்னால், கேட்பவர்கள் உடனே உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். அவள் சொல்வது ரத்த அழுத்தத்தை அல்ல, பி.பி. கிங்கை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டான ப்ளூஸைப் பாடிய கிட்டார்காரரை. அதிலும் அவருடைய ஒரே ஒரு பாட்டை: 'தி த்ரில் இஸ் கான்'. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் என்னிடம் நாற்பத்து மூன்று மேடைப் பதிவுகள் இருக்கின்றன. "தலைப்பிலேயே சுகமெல்லாம் போச்சுன்னு சொல்லிட்டார். அப்புறமும் நாற்பத்து மூணு தடவை போய் விசாரிக்கணுமா?" என்பது அவள் கேள்வி.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாட்டின் கதை அப்படி. 1951ல் ராய் ஹாக்கின்ஸ் என்ற பியானோக்காரர் முதலில் பாடியது. அப்போது கிங் மெம்ஃபிஸ் வானொலியில் இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவர். பாட்டை மனசில் ஏற்றிக்கொண்டு, 1969ல்தான் தன்னுடைய பதிவாகச் செய்தார். தயாரிப்பாளர் பில் சிம்சிக் அதன்மேல் வயலின் கூட்டத்தை ஏற்றினார். ப்ளூஸ் பாட்டுக்கு வயலினா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருக்கலாம், ஆனால் 1970ல் அது அமெரிக்காவின் பிரபலப் பாடல்கள் பொதுப் பட்டியலில் 15ஆவது இடம் வரை போனது. அதன்பிறகு பாட்டு அவரை விடவில்லை. 1956ல் மட்டும் 342 இரவு மேடையேறிய மனிதர் அவர். அப்படிப்பட்டவரிடம் ஒரு பாட்டு மாட்டிக்கொண்டால் எத்தனை இரவு பாடியிருப்பார், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கிங் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், லூசில் பதில் சொல்லும். லூசில் அவருடைய கிட்டாரின் பெயர். ஆர்கன்ஸாவில் ஒரு நடன விடுதியில் இரண்டு பேர் சண்டை போட்டு மண்ணெண்ணெய் அடுப்பைத் தட்டிவிட, தீப்பிடித்தது. வெளியே ஓடிவந்தவர் கிட்டாருக்காக மறுபடி உள்ளே போய்ச் சாகத் தெரிந்தார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று பிறகுதான் தெரிந்ததாம். இனிமேல் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்ற ஞாபகத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். நல்லது. எனக்கும் ஒரு ஞாபகச் சின்னம் இருந்திருக்கலாம்.

பாடும் வரிகள் பெரிதாக மாறாது. பதில்தான் ஒவ்வொரு இரவும் வேறு. அந்தப் பதில்களைத்தான் நான் சேர்க்கிறேன்.

2004ல் சிகாகோவுக்கு வந்த புதிதில் எனக்கு ஒன்றும் தெரியாது. முதலில் வாங்கியது 'லைவ் அட் த ரீகல்'. ப்ளூஸ் உலகத்தில் அது திருப்பதி லட்டு மாதிரி, குறை சொன்னால் பாவம். வீட்டுக்கு வந்து நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என் பாட்டு இல்லை. எப்படி இருக்கும்? அந்தக் கச்சேரி நடந்தது 1964 நவம்பரில். அவர் ஐந்து வருஷம் கழித்துப் பதிவுசெய்யப்போகும் பாட்டை அதில் தேடியவன் நான். அடுத்து 'பி.பி. கிங் இன் லண்டன்'. லண்டன் என்றதும் லண்டன் மேடை என்று நினைத்தேன். அது ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்தது. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் வந்து டிரம்ஸ் வாசித்திருக்கிறார், என் பாட்டு வரவில்லை. 1971ல் டோக்கியோ சான்கெய் ஹாலில் பாடியதில் பாட்டு இருந்தது, ஆனால் அந்த இசைத்தட்டு ஜப்பானில் மட்டும் வந்து, வெளி உலகத்துக்கு 1999ல்தான் கிடைத்தது. 1974ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் பாடியதும் கிடைத்தது. முகமது அலி, ஃபோர்மன் குத்துச்சண்டையை ஒட்டி நடந்த இசை விழா அது. ஃபோர்மனுக்குக் கண்ணுக்கு மேலே வெட்டுப்பட்டுச் சண்டை ஐந்து வாரம் தள்ளிப்போனது. கச்சேரி மட்டும் சொன்ன தேதியில் நடந்தது. பாடகர்கள் நாணயஸ்தர்கள்.

கடைச்சரக்கு தீர்ந்ததும் கள்ளச்சரக்கு, அதாவது ரசிகர்கள் அனுமதியில்லாமல் பதிவுசெய்து தங்களுக்குள் மாற்றிக்கொள்பவை. கள்ளம் என்றாலும் அதில் ஒரு தர்மம் உண்டு: காசுக்கு விற்கக் கூடாது. மாற்றிக்கொள்ள கையில் ஒன்றுமில்லாத புதியவன் வெற்று சிடியும் திருப்பி அனுப்பத் தபால் செலவும் அனுப்பினால், முகம் தெரியாத புண்ணியவான் நகல் எடுத்து அனுப்புவார். நகலுக்கு நகல், அதற்கு நகல் என்று போகப்போக இரைச்சல் ஏறும். கடைசியில் குற்றாலத்தில் நின்றுகொண்டு யாரோ பாடுவதைக் கேட்பது போல இருக்கும். மேடையின் ஒலி மிக்சரிலிருந்து நேராக எடுத்தது ராஜா. கூட்டத்தில் கோட்டுக்குள் மைக்கை ஒளித்து எடுத்தது ஏழைப் பங்காளன். இரண்டாவது வகையில் கிங்கைவிடப் பக்கத்துச் சீட்டுக்காரரை நன்றாகக் கேட்கலாம். என் பதினேழாவது பதிவில் ஒருவர் பாட்டு முழுவதும் மக்காச்சோளப் பொரி தின்கிறார். சரியாகத் தாளத்தில் தின்கிறார் என்பதால் மன்னித்துவிட்டேன். இருபத்தொன்று, இருபத்தாறு, முப்பது ஆகிய மூன்றும் வேறு வேறு தேதி போட்டு வந்த ஒரே கச்சேரி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது உள்ளூர்ச் சரக்கு. 1970 செப்டம்பர் 10, சிகாகோ குக் கவுன்ட்டி சிறைச்சாலை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் முன்னால் பாடியது. ஆரம்பத்தில் சிறையை நடத்தும் அதிகாரியான ஷெரீப்பையும் தலைமை நீதிபதியையும் மேடையிலிருந்து அறிமுகப்படுத்துகிறார்கள். கைதிகள் போடும் ஊளை இருக்கிறதே, அதற்காகவே இசைத்தட்டை வாங்கலாம். வயலின் கூட்டமெல்லாம் அங்கே வரவில்லை, டிரம்பெட், சாக்ஸபோன்காரர்கள்தான். அது இல்லாமலே பாட்டு இன்னும் நன்றாக நிற்கிறது என்பது என் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மதிலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காலிஃபோர்னியா அவென்யூ வரைக்கும் போய் நின்றேன். வாசலில் இருந்தவர், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். 1970ல் வந்துபோன ஒருவரை என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காரை எடுக்கச் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் மே மாதம், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றார்கள். ஒரு ஷூ டப்பா நிறையக் கேசட். அதில் ஒன்றின் முதுகில் நீல மையில் எழுதியிருந்தது: 'பி.பி., த்ரில், லைவ்'. தேதி இல்லை, ஊர் இல்லை. ஐம்பது சென்ட். நெஞ்சு படபடத்தது. இந்த இடத்தில் நிஜமான பி.பி.யும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

கேசட் வந்துவிட்டது, போட மிஷின் இல்லை. பழைய சாமான் கடையில் பன்னிரண்டு டாலருக்கு ஒரு டூ இன் ஒன் வாங்கினேன். போட்டால், முதல் இருபது நிமிஷம் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். கேக் வெட்டுகிறார்கள், அழுகிறது, யாரோ அதட்டுகிறார்கள். பதிவின்மேல் பதிவு செய்திருக்கிறார்கள் பாவிகள். திடீரென்று பிறந்தநாள் அறுந்து, நடுப்பாட்டில் கிங். தூரத்தில், போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல. மைக் பக்கத்தில் ஒரு ஆண் குரல், காரைப் பூட்டினாயா என்று கேட்கிறது. ஒரு பெண் என்னவோ சொல்கிறாள். அதே நேரத்தில் லூசில் பதில் சொல்ல வந்துவிடுவதால் அந்தம்மா சொன்னது கேட்கவில்லை. மறுபடியும் அவர், காரைப் பூட்டினாயா? இதற்கெல்லாம் பின்னால் விடாமல் படபடவென்று ஒரு சத்தம்.

மழை!

இரண்டு வாரம் நான் நானாக இல்லை. கார் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள், மழை பெய்கிறது. ஆக, திறந்தவெளிக் கச்சேரி. கிராண்ட் பார்க்கில் 1984 முதல் ஜூன் மாதம் ப்ளூஸ் விழா நடந்து வந்தது. சிகாகோவின் பழைய வானிலைக் குறிப்புகளைத் தேடி எடுத்து, ஜூனில் மழை பெய்த நாட்களுக்கு மஞ்சள் அடித்தேன். தாள் முழுக்க மஞ்சளானது. அதைவிடப் பெரிய அதிசயம், சுருதி. என்னிடம் இருக்கும் நாற்பத்து மூன்றும் பி மைனர். இது சி மைனர்! அரை சுருதி ஏற்றிப் பாடியிருக்கிறார். ஏன்? மழைக் குளிரா? கூட்டத்தின் உற்சாகமா? இதைப் பற்றி ஆறு பக்கம் எழுதிவைத்தேன். அந்த ஆறு பக்கத்தை இப்போது யாரும் கேட்கக் கூடாது.

இந்தச் சமயத்தில்தான் மயிலாடுதுறையிலிருந்து மாமனார் ஆறு மாதம் தங்க வந்தார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருக்கும் இதே வியாதி உண்டு என்பது கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் எனக்குத் தெரியாது. ஒரே கரகரப்ரியாவைப் பதினோரு வித்வான்கள் பாடியது அவரிடம் இருக்கிறதாம். சனிக்கிழமை ராத்திரி வானொலியில் தேசிய நிகழ்ச்சி வந்தால், ரேடியோவுக்கு எதிரே டேப்ரிக்கார்டரை வைத்துவிட்டு வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்பாராம். "அப்பா கேசட்ல ஆலாபனைக்கு நடுவுல அம்மா வெச்ச குக்கர் மூணு விசில் அடிக்கும்" என்றாள் மனைவி. இதை எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டாமோ?

லெமான்ட் கோயிலுக்குப் போகவர காரில் சிறைச்சாலைக் கச்சேரிதான் ஓடும். மூன்று வாரம் மாமா அதைப் பொறுமையாகக் கேட்டுவந்தார். கிங்குக்கு "உங்க பாகவதர்" என்று பெயர் வைத்தார். "குரல்ல பிசிறு இருக்கு, ஆனா இடம் தெரிஞ்சு நிறுத்தறார்" என்று சான்றிதழும் கொடுத்தார். அந்தத் தைரியத்தில் ஒரு நாள் சாயங்காலம் காப்பி கொடுத்து உட்காரவைத்து, உலகத்தில் யாரிடமும் இல்லாத பதிவு என்று சொல்லி, மழைக் கச்சேரியைப் போட்டேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தொடையில் தாளம் போட்டார். ஆனால் பாட்டுக்குப் போடவில்லை. ஏதோ வேறு கணக்கு.

"மாப்பிள்ளை, இது என்ன சத்தம்?"

"மழை மாமா."

"மழை தாளம் போட்டுப் பெய்யுமா?"

மறுபடி போடச் சொன்னார். படபடப்புக்குள்ளே ஒரு 'டக்' ஒளிந்திருந்தது. சரியான இடைவெளியில், தவறாமல் திரும்பத் திரும்ப வந்தது. "தட்டுல கீறல்" என்றார் மாமா. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்றும் இசைத்தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கும். போனில் நேரம் பார்த்தேன். 1.7.

"ஒரு புள்ளி குறையுது மாமா!" என்றேன், கரை தெரிந்தவன் மாதிரி.

"உங்க டூ இன் ஒன் வேகமா ஓடறது. அதான் சுருதியும் அரை ஏறியிருக்கு."

என் ஆறு பக்கம் அங்கேயே காலி. மாமா அதோடு விடவில்லை. "கோயிலுக்குப் போறப்ப போடுவீங்களே, ஜெயில் கச்சேரி, அதுதான் இது. இந்த இடத்துல இப்படி இழுத்து, அந்த இடத்துல அப்படி நிறுத்தறார். ஒரு வித்வான் ஒரே சங்கதியை மூச்சு மாறாம இன்னொரு ராத்திரி போடமாட்டார். போட்டா அவர் வித்வான் இல்லை."

கார் பாட்டைப் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தோம். இழைக்கு இழை அதே. யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் இசைத்தட்டைச் சுழலவிட்டு, எதிரே டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். குக்கருக்குப் பதிலாகக் கார் சாவி. பதில்களைச் சேர்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன், வாரா வாரம் கேட்கும் பதிலையே அடையாளம் தெரியாமல் வாரக்கணக்கில் மழையில் நனைந்திருக்கிறேன். புதிதாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். சொல்லியிருந்தால் தேவலை.

கேசட்டை எடுக்கப் போனேன். மாமா கையைப் பிடித்தார். "இருங்க, அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க. அந்தம்மா காரைப் பூட்டினாளா இல்லையா?"

நாலு தடவை போட்டோம். எனக்குப் பூட்டியதாகக் கேட்டது, மாமாவுக்குப் பூட்டவில்லை என்று கேட்டது. ஐந்தாவது தடவை மனைவியும் வந்து நின்று, அது 'நீங்களே போய்ப் பாருங்கள்' என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் சொன்ன பிறகு எங்களுக்கும் அப்படித்தான் கேட்டது.

என் பதிவுக் குறிப்பேட்டை மாமா வாங்கி, நாற்பத்து நான்காவது வரியைத் தன் குண்டு எழுத்தில் அவரே நிரப்பினார். நாள்: தெரியாது. இடம்: யாரோ ஒருவர் வீட்டு ஹால். பக்கவாத்தியம்: தம்பதியர். மழை: இல்லை.