செங்கோட்டை அச்சுக் குறிப்புகள்: மரக்கடைக்கு இருமொழி விசிட்டிங் கார்டு

ஜூன் 9
ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். புனலூர், தென்மலை ஆட்கள்தான் கடைக்குப் பாதி வாடிக்கை. அளவு 3.5 × 2 அங்குலம். சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் நிறம்), எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து இன்னொரு 3 மி.மீ. உள்ளே. பார்டர் கேட்டார்கள், வேண்டாம் என்றாயிற்று. கட்டிங் அரை மி.மீ. நகர்ந்தாலே ஒரு ஓரம் பட்டையாகவும் எதிர் ஓரம் மெலிதாகவும் தெரியும்.

ஜூன் 10
பெரிய வேலை எழுத்தில்தான். வாட்ஸ்அப்பில் வரும் முகவரி யூனிகோடு. பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் அதை ஏற்காது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஒட்டணும். போட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்தமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் 'கொ'வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதைத் தமிழ்க் கண் உடனே பிடித்துவிடும். மலையாளக் கூட்டெழுத்து சந்திரக்கலையோடு (மெய்யைக் காட்டும் பிறைக்குறி) பிரிந்து கிடந்தால் நமக்குத் தப்பாகவே படாது. மலையாளம் வாசிக்கிறவர் பார்க்காத புரூஃபை (சரிபார்ப்புப் படி) அச்சுக்கு அனுப்பக் கூடாது.

சரிபார்த்த பின் கோரல்டிராவில் கண்ட்ரோல்+க்யூ, எல்லாம் கர்வ்ஸ், அதாவது எழுத்துகள் வெறும் கோட்டு வடிவங்களாகிவிடும். அதற்கு முன் ஒரு நகல் தனியே சேமிக்கணும். கர்வ்ஸ் ஆனபின் போன் நம்பரைத் தட்டித் திருத்த வழியில்லை.

ஜூன் 12
நீலம் சி (சயான்) 100, எம் (மெஜந்தா) 100 என்று இருந்தது. அச்சில் அது ஊதா. எம்மை 65க்கு இறக்கியாச்சு. சின்ன எழுத்துக்கு கே (கறுப்பு) 100 மட்டும். நாலு மையும் சேர்த்த கறுப்பில் ரிஜிஸ்டர் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) விலகினால் எழுத்தோரத்தில் நிற நிழல் விழும்.

ஜூன் 15
சாரல் தொடங்கியாச்சு. இந்த ஈரத்தில் ஒரு பக்க லேமினேஷன் ஆகவே ஆகாது. தாள் ஈரம் குடித்து விரியும், பிலிம் விரியாது. கார்டு பிலிம் பக்கமாக வளைந்துகொள்ளும். இரு பக்கமும் போட்டால் நிமிர்ந்து நிற்கும், ஆனால் பால்பாயின்ட் பேனா வழுக்கும். மரக்கடைக்காரர் கன அடிக் கணக்கைக் கார்டின் முதுகில்தான் எழுதிக் கொடுப்பார். ஆகவே லேமினேஷனே இல்லை. பூச்சில்லாத 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) போர்டு, மலையாளப் பக்கத்தில் கீழ்ப்பாதி வெற்றிடம். இந்தத் தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கடிக்கும். முதலில் வைத்திருந்த பின்னணிப் பச்சையை எடுத்துவிட்டது நல்லதாயிற்று.

ஜூன் 18
முதலில் 100 மட்டும், டிஜிட்டலில். 13 × 19 அங்குல ஷீட்டில் 24 கார்டு. வீணாவதையும் சேர்த்து 5 ஷீட். ஆயிரம் என்றால் சிவகாசி ஆப்செட்தான் கட்டும். முதல் ஷீட்டை இரு பக்கமும் அடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டணும். ஷீட் திருப்பும் ஓரம் மாறியிருந்தால் மலையாளம் தலைகீழாக வந்திருக்கும்.