தலையாட்டியது நான்தான்

நான்காவது வரியில் அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பாடவா, வேண்டாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன். 'பாடு' என்றுதான் அதற்கு அர்த்தம். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கப்புறம் எவ்வளவோ நடந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தலையாட்டல் என்னை விடவில்லை.

எட்டாம் வகுப்பு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட். பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டதால் புத்தகத்தில் இல்லாத பாட்டு ஒன்றைப் போர்டில் எழுதினேன். புறநானூற்றின் 112-ஆம் பாட்டு. பாரி மகளிர் பாடியது, மொத்தமே ஐந்து வரி. மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாரி தூரத்து ஆள் இல்லை. பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படுவது சிங்கம்புணரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரான்மலைதான் என்றதும், "நாங்க போயிருக்கோம்மா" என்று நாலைந்து கைகள் உயர்ந்தன. மூவேந்தரும் மலையை முற்றுகையிட்டார்கள், பாரி போனான், மலையும் போயிற்று, மிஞ்சியது அவனுடைய பெண்மக்கள். அன்றைக்கும் இதே வெண்ணிலா, அப்பா இருந்தார். இன்றைக்கும் இதே வெண்ணிலா, அப்பா இல்லை. 'அற்றை' என்பது 'இற்றை' ஆகிறது, 'உடையேம்' என்பது 'இலமே' ஆகிறது. இரண்டு சொல் மாறுவதற்குள் ஒரு குடும்பமே போய்விடுகிறது.

பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி கோரஸாகச் சொன்னார்கள். 'யாம் எந்தையும் இலமே' என்ற இடத்தில் குரலை உயர்த்தி, சந்தோஷமாக. எனக்குப் பொறுக்கவில்லை. "இது கையறுநிலைப் பாட்டுடா. கேத வீட்டுல இப்படியா அழுவாங்க? உங்க வீடுகள்ல எப்படி அழுவாங்கன்னு யாராவது பாடிக் காட்டுங்க பாப்போம்" என்றேன்.

பையன்கள் சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள்.

துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தாள்.

எட்டுக் கெணறு வெட்டி
எறவ மாடும் கட்டி வச்சேன்
தண்ணி பருகுமுன்னே
தவிக்க விட்டுப் போனியே...

இரண்டாவது வரியிலேயே உடம்பு இடுப்பிலிருந்து ஆடத் தொடங்கிவிட்டது. கேத வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆடுவார்களே, அந்த ஆட்டம். துப்பட்டாவை விட்டுவிட்டு வலது கை மாருக்குப் போகப் பார்த்தது. பாதியில் நின்றது. அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன். 'என்னப் பெத்த அப்பா' என்று அவள் அடுத்த வரியை எடுத்தாள். பாடி முடித்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. சிரித்த பையன்களில் ஒருவன் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்தாள், பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள், நோட்டைத் திறந்தாள். மறுபடி அந்த ஐந்து வரியை வாசிக்கச் சொன்னேன். கடைசி அடியை யாரும் கத்தவில்லை. என் பதினேழு வருஷத்தில் ஒரு சங்கப் பாட்டு பிள்ளைகளிடம் அப்படிப் போய்ச் சேர்ந்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் அவளுடைய அப்பத்தா வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. குரல் தணிவாகத்தான் இருந்தது.

"டீச்சரம்மா, எம்புள்ள போயி இன்னும் வருசம் திரும்பல. பள்ளிக்கூடத்துல ஒப்பாரி வைக்கலாமா? கேதமில்லாத எடத்துல பாடுனா கேதம் தேடி வரும்னு சொல்லுவாகளே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் அம்மாவும் அதையேதான் சொல்வார். சின்ன வயதில் விளையாட்டுக்கு ஒப்பாரி ராகம் இழுத்து அடி வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு, "பாடத்துல வருது பாட்டி, கலையா நெனச்சுத்தான் பாடச் சொன்னேன்" என்றேன். பாடத்தில் வருகிறது என்பதும் உண்மையில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அது நாம் பாடுனது. 'நாம் பெத்த மகனே'ன்னு எம்புள்ளைக்கு அழுதது. அவனுக்குன்னு வச்சது. அத மார்க்குக்குப் பாடவா?"

ராகம் இல்லாமல், சாமான் பட்டியல் சொல்வது மாதிரிதான் அந்த வரியைச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நல்லாப் படிக்க வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தலைமையாசிரியர், மன்னிப்புக் கேட்டதே நல்லது, விட்டுவிடுங்கள் என்றார். கணக்கு டீச்சர், "ஒரு கும்மிப்பாட்டு பாடச் சொல்லியிருக்கலாம்ல டீச்சர்" என்றார். மற்றவர்களுக்கு விஷயம் அதோடு முடிந்தது.

அவளுக்கு அப்பா இல்லை என்பது தெரியாது என்று அன்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். முழு உண்மை இல்லை. காரியத்துக்காக அவள் பத்து நாளுக்கு மேல் வராமல் இருந்தது எனக்குத் தெரியும். வகுப்பில் அந்த நிமிஷம் அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். சரி, எழுந்து நின்றபோதுகூட வரவில்லையா? 'என்னப் பெத்த அப்பா' என்று எடுத்தபோது? அப்போது வந்திருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று, அவளே விரும்பி எழுந்தாள், பாதியில் நிறுத்தினால் இன்னும் காயப்படுவாள். இதை நான் மனசார நம்புகிறேன். இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு 2022-இல் கலைத் திருவிழா தொடங்கியதிலிருந்து எங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் குரல் தேடுகிற வேலை. அவள் முதல் வரியைப் பாடியதுமே, நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று ஒரு நினைப்பு எனக்குள் ஓடியது. ஒரு நொடிதான். அந்த நொடி தலையாட்டலுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று எத்தனை தடவை யோசித்தும் பிடிபடவில்லை. நான் அவளை எந்தப் போட்டிக்கும் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். அப்பத்தா வராமல் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

பயிற்சிக்குப் போனால் பாடுங்கள், ஆடுங்கள், நடிக்க வையுங்கள், பிள்ளைகளின் வீட்டு அனுபவத்தை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். நானும் அதை முழு மனசோடு ஏற்றுக்கொண்டவள். பாட்டும் பொம்மையும் கதையும் இல்லாமல் எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்திருக்க முடியுமா? சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்ச்சியர் குரவை, வேட்டுவ வரி, கானல்வரி என்று அதிலும் ஜனங்களின் ஆட்டமும் பாட்டும்தானே இருக்கிறது? கலையை வீட்டிலிருந்து எடுக்காமல் வேறு எங்கிருந்து எடுப்பது? ஆனால் வீட்டிலிருந்து வருவது சமயத்தில் இப்படியும் வரும். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் நான் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை.

அப்பத்தாவிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் அழுதது 'நாம் பெத்த மகனே' என்று. பேத்தி பாடியது 'என்னப் பெத்த அப்பா' என்று. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தச் சொல்லை அவள் மாற்றியிருக்கிறாள். கேத வீட்டில் பெரியவர்கள் அழும்போது ஓரமாக உட்கார்ந்திருந்தவள், தனக்கென்று ஒரு வரியைச் செய்து வைத்திருந்திருக்கிறாள். அதைப் பாட அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்ததோ என்னவோ. அப்படியானால் நான் தலையாட்டியது சரி. இது என்னை நானே தேற்றிக்கொள்ளச் செய்த கணக்காகவும் இருக்கலாம். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி அந்த இடத்துக்கே இழுத்துப்போவதாகிவிடும். இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எதிரே வந்தால் "வணக்கம்மா" என்கிறாள், சிரிக்கிறாள். பாடி நான் கேட்கவில்லை.

போன மாதம் இந்த வருஷத்து எட்டாம் வகுப்புக்கும் அதே பாட்டை எழுதினேன். பொருள் சொன்னேன், பிரான்மலையைச் சொன்னேன், எதுகையைச் சொன்னேன். எல்லாரும் கோரஸாகப் படித்தார்கள். கடைசி அடியில் கத்தினார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அம்மா, இது பாட்டுங்கிறீங்களே, எப்படிம்மா பாடுவாங்க?" என்று கேட்டான்.

"இத வாசிக்கத்தான் செய்வாங்க" என்றேன்.

மணியடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நோட்டை எடுத்து எழுதச் சொன்னேன்.