மரியா சபினாவின் பாட்டு

தின்றால் மாயக்காட்சிகள் காட்டும் மாயக்காளான் என்றதும் பலரும் 1960களின் இசையையும் சுழலும் வண்ண ஓவியங்களையும் பேசுகிறார்கள். எனக்கு மரியா சபினாதான் நினைவுக்கு வருகிறார்.

மெக்சிகோவின் ஓவாஹாகா மலைகளில் வாழ்ந்த மசாடெக் இன வைத்தியச்சி அவர். எழுதப் படிக்கத் தெரியாது. நோயாளியின் குறையை அறிய, இருட்டில் காளானைத் தின்று இரவெல்லாம் பாடுவார். 'நான் இன்ன பெண், நான் இன்ன பெண்' என்று அலையலையாக எழும் பாட்டு. என்னைக் கேட்டால் அவர் மகத்தான கவி. காளான்களைப் 'புனிதக் குழந்தைகள்' என்றே அழைத்தார்.

1955-இல் நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன், மகனைப் பற்றிக் கவலை என்று சொல்லி அந்தச் சடங்கில் இடம்பிடித்தார். 1957-இல் லைஃப் இதழில் எழுதினார். சபினாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார், பயனில்லை. அடுத்த ஆண்டே சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அந்தக் காளானிலிருந்து, மாயக்காட்சிகளைத் தரும் சைலோசைபின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். பிறகு, அனுபவம் தேடிய வெளிநாட்டு இளைஞர்கள் மலையேறி வந்தார்கள். போலீசும் வந்தது. ஊரார் சபினாவைப் பழித்தார்கள், அவருடைய வீடு எரிக்கப்பட்டது.

அந்த இரவுகளைப் பற்றி உலகம் எத்தனையோ நூல்கள் எழுதிக்கொண்டது. சபினா 1985-இல் வறுமையிலேயே இறந்தார். இதை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்நியர்கள் வந்தபின் புனிதக் குழந்தைகள் தங்கள் சக்தியை இழந்துவிட்டார்கள் என்று கடைசிக் காலத்தில் அவர் வருந்தினார். முன்பெல்லாம் நோய் தீரவே அவற்றைத் தின்றார்களாம்; கடவுளைத் தேடி யாரும் தின்றதில்லையாம்.